ஜிகினாக் கிரீடம்

ரோடியோன்,

அன்புள்ள என்று எழுதக் கை கூசுகிறது.

நேற்று நம் உல்யானா முதன்முதலாகப் புத்தாண்டு பாலே நடனம் பார்க்கும் நாள். வேலை இருக்கிறது, வர முடியாது என்றாய். நானே ஜிகினாக் கிரீடம் சூட்டிக் கூட்டிப்போனேன்.

அரங்கில் கோட்டுகளை வாங்கி வைக்கும் இடத்தில் நீ மண்டியிட்டு, யாரோ ஒருத்தியின் மகளுக்குப் பனி பூட்ஸைக் கழற்றிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாய். நம் குழந்தை ஓடிவந்து காலை நீட்டினாள்.

"அப்பா, அடுத்து எனக்கு!"

நீ பக்கத்தில் நின்ற அந்தச் சிறுமியின் அம்மாவைப் பார்த்து, "தெரிஞ்சவங்க பொண்ணு, சும்மா விளையாடுது" என்றாய். த்தூ!

ஆட்டம் முழுக்க உல்யானா மேடையைப் பார்க்கவே இல்லை. பஸ்ஸில் கேட்டாள்:

"கிரீடம் வச்சிருந்ததால அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியல, இல்லம்மா?"

"ஆமாண்டி கண்ணு."

உனக்காகப் பொய் சொன்ன வாயை எத்தனை கழுவியும் நாற்றம் போகவில்லை.

இப்படிக்கு,
உனக்குத் தெரிந்தவள்