ஏழாம் மாதம்

ஐப்பசி 14, திங்கள்

விடாத மழை. வெளியே அடுக்கிய விறகு எல்லாம் நனைந்துவிட்டது. உள்ளே ஏற்றிய ஒரு கட்டுதான் காய்ந்தது. கிழக்குக் காற்று. அதனால் புதுச்சேரி ஆலைச் சங்கு வில்லியனூர் வரை கேட்டது.

சங்கு கேட்கிற நாளில் தாழ்ப்பாள் ஓசையும் கேட்கும். எழுந்து போய்ப் பார்ப்பேன். போட்ட தாழ்ப்பாள் போட்டபடி. அந்தச் சங்குக்குத்தான் என் மகள் அருளாயி கதவைத் திறந்துகொண்டு ஓடுவாள். "வரேம்மா" என்பாள், திரும்பிப் பார்க்காமல். அவள் செத்துப் பல வருஷம்.

அவள் விட்டுப்போன பெண் மரியாளுக்கும் அதே ஆலை. அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடும் அதே வேலை. இப்போது வயிற்றில் ஏழாம் மாதம். செத்த அன்று அருளாயிக்கும் ஏழாம் மாதம்.

இடுப்பு வலி. உப்பு தீர்ந்தது.

ஐப்பசி 15, செவ்வாய்

தூறல். கல்லறைத் திருநாளுக்கு: மெழுகுவத்தி, சாமந்தி, சிலுவைக்குப் பூச சுண்ணாம்பு.

மரியாள் சிரித்துக்கொண்டே வந்தாள். மேஸ்திரி தனியாகக் கூப்பிட்டுப் பேசினானாம். அருளாயி காலத்து அதே மேஸ்திரி. (இனி மே. போதும். அவனுக்கு மை செலவழிக்க மாட்டேன்.) பிரான்சில் சண்டை, சட்டமெல்லாம் கொஞ்ச நாள் ஓரமாகக் கிடக்கட்டும் என்றானாம். பிரசவத்துக்குச் சம்பளத்தோடு வீட்டில் இருக்கலாம் என்று எழுதிவைத்த சட்டம். வேலைநிறுத்தம், பட்டினி, துப்பாக்கி, எல்லாம் பார்த்துச் சங்கம் வாங்கித் தந்தது.

"சங்கத்துக்காரிங்களோட வந்து நிக்காத. வெள்ளிக்கெழம தனியா வந்து கேளு. ஒனக்கு மட்டும் பாத்துக் குடுக்கறேன்" என்றானாம்.

"கேட்டது கெடைக்குது. அப்புறம் சங்கம் இன்னாத்துக்கு ஆயா?"

சோறு அடிப்பிடித்தது.

ஐப்பசி 16, புதன்

பூசைக்குப் போனேன். சாமியார் என்ன சொன்னார், தெரியாது. காதில் சங்குதான்.

அருளாயியும் மே.விடம் தனியாகத்தான் போய்க் கேட்டாள். உடம்பு முடியவில்லை, கொஞ்ச நாள் வீட்டில் இருக்கிறேன் என்று. போனால் போ, உன் மிஷினுக்கு வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்றான். நின்றாள். வலி வந்தது. சங்கு ஊதும்வரை யாரும் வெளியே போகக் கூடாது என்றான். அதற்கும் நின்றாள். பிறகு பஞ்சு மூட்டைமேல் விழுந்தாள். ரயில் ரோட்டோரமாகக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். தாயும் வயிற்றுப்பிள்ளையும் போனார்கள். கட்டிலில் ஒட்டியிருந்த பஞ்சை நான்தான் எடுத்தேன். ரத்தத்தில் ஊறிக் கனத்தது.

அவளுக்கு இடது பக்க மிஷினில் நின்றவள் எதிர்வீட்டுக் கன்னியம்மா (இனி க.). கூப்பிடு தூரம்கூட இல்லை, கை நீட்டினால் தொடலாம். வாய் திறக்கவில்லை. நூலையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். அன்று முதல் அவளோடு பேச்சு இல்லை. நெருப்புக்கூடக் கொடுத்து வாங்குவது இல்லை.

சங்கம் வந்ததும் முதலில் சேர்ந்தவளும் அவள்தான். சட்டம் வந்தது, எல்லாம் கிடைத்துவிட்டது என்று மற்றவர்கள் கூட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டார்கள். க. மட்டும் இன்னும் வீடு வீடாகப் போய்க் கூப்பிடுகிறாள். நம் வாசலை மட்டும் தாண்டிப் போய்விடுவாள்.

ஐப்பசி 17, வியாழன். கல்லறைத் திருநாள்

காலையில் வெயில், பிறகு மழை. மெழுகுவத்தி நிற்கவில்லை. மூன்று தரம் ஏற்றினேன். மூன்று தரமும் அணைந்தது. அருளாயிக்கு நெருப்பு வேண்டாம் போல.

அங்கேயே மரியாளிடம் சொன்னேன், தனியாகப் போகாதே என்று.

"நா மட்டும் கேட்டா எனக்காவது கெடைக்கும். எல்லாரும் போய் நின்னு, ஒருத்திக்கும் இல்லாம பூட்டா?"

"ஒனக்கு மட்டும் குடுத்தா அது அவன் போட்ட பிச்ச. நாளைக்கி அவனே புடுங்கிப்பான். தெக்குத் தெரு சலேத்துவும் முழுகாம கீறா, அவ யார்கிட்ட போவா? ஒன் வயித்துல கீறது பொண்ணாப் பொறந்து, அதுவும் போய் அங்க நின்னா?"

மரியாள் சிலுவையையே பார்த்தாள். சுண்ணாம்பு மழையில் வழிந்துகொண்டிருந்தது.

"யாரு ஆயா என் கூட வருவா? எல்லாம் பயந்துக்கினு கீதுங்க."

ஊசுட்டேரி நிறைந்துவிட்டது, இனிக் கரையை எதற்குப் பார்ப்பது என்று எந்த ஊர்க்காரனாவது சொல்வானா? நிறைந்த பிறகுதானே கரைக்கு வேலை. இதை மரியாளிடம் சொல்ல அப்போது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

சாயங்காலம் தெருவைத் தாண்டினேன். நாலு எட்டு. க. முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். தலை நரைத்துவிட்டது அவளுக்கு. எதிர்வீட்டில் இருந்தும் பார்க்கவில்லை நான்.

"நாளைக்கி மரியாள் கூட நீ நிக்கணும்" என்றேன். "ஒன்ன நான் மன்னிக்கல."

"மன்னிக்கச் சொல்லி கேக்கல அத்த. எந்தப் பக்கம் நிக்கணும், சொல்லு."

"அன்னிக்கி நின்ன பக்கம்."

உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. வந்துவிட்டேன். பிறகு மழையில் அவள் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு தெற்குத் தெருப் பக்கம் போவதைப் பார்த்தேன்.

ஐப்பசி 18, வெள்ளி

இருட்டோடு போனார்கள். மரியாள், க., சலேத்து, இன்னும் யார் யாரோ. கூட்டமாகச் சேறு மிதிக்கும் சத்தம். மரியாள் திரும்பிப் பார்த்தாள். அருளாயி பார்த்ததில்லை.

பகல் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. ஜெபமாலை பாதியில். கஞ்சி குடித்தேனா, நினைவில்லை.

சாயங்காலச் சங்கு. வெகு நேரம் கழித்துத் தாழ்ப்பாள் ஓசை. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். போய்ப் பார்த்தேன்.

மரியாள். ஈரத்தோடு நின்றாள்.

சொன்னாள்: எல்லாரும் மிஷினை நிறுத்திவிட்டு மே. முன்னால் போய் நின்றார்களாம். நெருக்கமாக, தோளோடு தோள். க. இடது பக்கம். வயிற்றுக்காரி மட்டும் முன்னால் வா, மற்றவர்கள் வேலைக்குப் போங்கள் என்றானாம். ஒருத்தியும் அசையவில்லை. க.தான் பேசினாளாம், "எங்களுக்கு லீவு வேணும்" என்று.

மே. சிரித்தானாம். "எங்களுக்கா? ஒனக்குமா கெழவி? ஒனக்கு எத்தினி மாசம்?"

ரெண்டு பெண்கள்கூடச் சிரித்துவிட்டார்களாம். க. சிரிக்கவில்லை.

"ஏழு மாசம்" என்றாளாம். "அருளாயி செத்ததுலேர்ந்து எனக்கும் ஏழு மாசந்தான். இன்னும் எறக்கி வைக்கல."

மே. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு துரை ரூமுக்குப் போய்விட்டு வந்தானாம். திங்கள் முதல் மரியாளுக்கு, சலேத்துவுக்கு, சட்டப்படி லீவாம்.

மரியாள் படுத்துவிட்டாள். காலைப் பிடித்துவிட்டேன். வீங்கியிருக்கிறது.

மழை மறுபடி. எதிர்வீட்டில் புகை இல்லை. வந்து இவ்வளவு நேரம் ஆகியும் அடுப்பு பற்றவில்லை அவளுக்கு. விறகு நனைந்திருக்கும்.

நம் வீட்டில் காய்ந்தது ஒரு கட்டு இருக்கிறது.