தேய்ந்துபோன நான்கு முனைகள்

திஜோன்,
12 நவம்பர் 1963

மரியாதைக்குரிய திருமதி ஒதீல் பெரோ அவர்களுக்கு,

காஸ்பார் தெசியே வணக்கத்துடன் எழுதுவது. என் பெயரைப் பார்த்ததும் கடிதத்தைக் கிழிக்கத் தோன்றும். கிழியுங்கள், ஆனால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

நீங்கள் கடற்கரை ஊரான பிரெஸ்தில் தங்கை வீட்டில் இருப்பதாகவும், எங்கேயும் வீட்டுவேலை கிடைக்கவில்லை என்றும் ரொட்டிக் கடைக்காரம்மா சொன்னார். திருடி என்று பெயர் வாங்கியவரை யார் உள்ளே விடுவார்கள்? அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்த பாவி நான்தான்.

அன்று உங்கள் எஜமானி மதாம் ரொக்ப்ளான் வீட்டு விருந்தில், காப்பிக் கூஜாவின் கைப்பிடி அருகே இருந்த முத்திரையைப் பார்த்தேன். அசல் வெள்ளி என்றால் செய்த தட்டாரின் முத்திரை சீட்டுக்கட்டு டைமன் போல இருக்கும். முலாம் என்றால் சதுரம். எனக்குச் சதுரமாகத் தெரிந்தது. பூதக்கண்ணாடி கையில் இல்லை. ஆயிரம் தட்டார்களின் முத்திரை மனப்பாடம் என்று பீற்றிக்கொள்பவன் அல்லவா? பத்துப் பேர் முன்னால், "இது வெறும் முலாம். அசலை யாரோ மாத்திட்டாங்க" என்றேன்.

நீங்கள் மட்டும், "இருபத்திரண்டு வருஷமா நான் தேய்ச்ச கூஜாங்கய்யா, எனக்குத் தெரியாதா?" என்றீர்கள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நம்பித்தான் மதாம் உங்களை வேலையைவிட்டு அனுப்பினார்.

போன வாரம் மதாம் அந்தக் கூஜாவை விற்றுத் தரச் சொல்லி என் கடைக்கு அனுப்பினார். மூடியைத் திருப்பினேன். உட்புறத்தில், துணி எட்டாத இடுக்கில், தட்டாரின் முத்திரை. இரண்டு எழுத்து, நடுவில் தேனீ, நான்கு முனையும் கூர்மையாக. பக்கத்திலேயே அரசாங்க முத்திரை. அசல் வெள்ளியேதான், அம்மா! வெளியே அந்த முனைகள் எங்கே போயின? சனிக்கிழமை தவறாமல் நீங்கள் தேய்த்ததில் மழுங்கிப் போய்விட்டன, மிச்சம்தான் எனக்குச் சதுரமாகத் தெரிந்தது. ஒழுங்காக வேலை செய்ததற்கே உங்களைத் திருடி ஆக்கிவிட்டேன்.

மதாமிடம் ஓடினேன். "ஆனது ஆச்சு, இதைப் போய் இப்பக் கிளறணுமா?" என்றார். அன்று விருந்தில் இருந்த பத்துப் பேருக்கும் என் தவறை எழுதி அனுப்பிவிட்டேன். அதன் நகல் இத்துடன் இருக்கிறது. யார் கேட்டாலும் காட்டுங்கள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு அருகதை இல்லை. கடல்காற்று உங்கள் மூட்டுவலிக்கு ஆகாது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூஜா இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. கறுக்கத் தொடங்கிவிட்டது. துணியை எடுத்தேன், தேய்க்கக் கை வரவில்லை. திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
காஸ்பார் தெசியே
(பெயருக்குக் கீழே 'வெள்ளி நிபுணர்' என்று போடுவது வழக்கம். இன்று போடவில்லை.)