வெள்ளிக்கிழமை சோராத இயந்திரம்

உன் டிபன் கேரியர் இப்போது என் வீட்டில் இருக்கிறது. இன்று காலை உன் மனைவி செங்காங் வரைக்கும் ரயிலேறி வந்து கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு அவள் எப்போதும் தங்கச்சிதான். "அவர் போனப்புறம் இத எடுக்கவே கை வரலண்ணே. உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றாள். அதே எவர்சில்வர், பக்கவாட்டில் அதே நசுங்கல். நன்றாகத்தான் விளக்கியிருக்கிறாள். ஆனாலும் மேல் அடுக்கைத் திறந்து முகர்ந்தபோது புளியும் மீனும் லேசாக மணந்தன. என் மனப்பிரமையாகவும் இருக்கலாம். நீ இருந்தால் அப்படித்தான் சொல்லிச் சிரித்திருப்பாய்.

எண்பதுகளில், நகரத்தின் நடுவே சுரங்க ரயிலுக்காக மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்த காலத்தில், நீ ஆப்பரேட்டர், நான் மெக்கானிக். ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே வயது, ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் ஒரே கோப்பிக்கடை மேசை. நீ மாதா கோயிலில் பூசை முடித்து வருவாய். நான் காளியம்மன் கோயிலிலிருந்து வருவேன். யார் சாமி பெரியது என்று ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. யார் வீட்டு மீன்குழம்பு பெரியது என்பதற்குத்தான் வாரம் தவறாமல் சண்டை.

ஒரு வருடம் கம்பெனிக்கு மண் அள்ளும் புது எக்ஸ்கவேட்டர் வந்தது. ஜூரோங் யார்டில் பழைய மண் லாரியோடு மாரடித்துக்கொண்டிருந்த உனக்கு அதன் சீட் கிடைத்தது. தங்கச்சி கோயிலில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டாள். தேக்கா மீன்கடைக்காரர்கூட என்னிடம் விசாரித்தார்.

நாம் அதுவரை பழகிய இயந்திரங்களைப் போல அது இல்லை. என்ஜினின் பெரிய பற்சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு சென்சார். சக்கரத்தின் பற்கள் கடந்துபோவதை வைத்து என்ஜின் எத்தனை வேகத்தில் ஓடுகிறது என்று அது உன் சீட்டுக்குப் பின்னால் இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும். சேதி வராவிட்டால், என்ஜின் திணறுகிறது என்று பெட்டி பயந்து, சுமையைக் குறைத்துவிடும். என்ஜின் நன்றாக உறுமிக்கொண்டிருக்கும். மண் அள்ளும் கை மட்டும் சோர்ந்து, மண்ணோடு பக்கெட் அந்தரத்தில் நிற்கும்.

உனக்கு அதுதான் நடந்தது. காலை முழுவதும் மக்கர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். காலையில் ஜூரோங் ஒர்க்‌ஷாப்பில் வேலை முடித்து நான் மதியம்தான் வருவேன். வந்து பார்த்தால் இயந்திரம் சமர்த்தாக இருக்கும். சென்சாரைக் கழற்றி, முனையில் ஒட்டியிருந்த இரும்புத்தூளைத் துடைத்தேன். இடைவெளியைச் சரி செய்தேன். புது சென்சாரே போட்டேன். மறுநாள் காலை மறுபடியும் போன் வரும். எனக்கே உன்மேல் கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது. கேட்கவில்லை. ஆனால் நீ கண்டுபிடித்துவிட்டாய், ரெண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கடைசியில், மலாயும் இங்கிலீஷும் கலந்து பேசும் நம் சூப்பர்வைசர் ஒரு வெள்ளிக்கிழமை நாள் முழுவதும் என்னை உன்னோடு இருக்கச் சொன்னார். அன்று ஒரு தடவைகூடச் சோரவில்லை. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "மெஷின் ஓகே லா. இது ஆப்பரேட்டர் ப்ராப்ளம். திங்கக்கிழமை வேற ஆளு உட்காரட்டும்."

நீ இறங்கி வந்து மெஷினின் சங்கிலி டிராக்கின்மேல் உட்கார்ந்தாய். கறுப்புக் கோப்பி மட்டும் குடித்திருந்த முகம். "மறுபடி லாரியா? கோயில்ல எல்லார் மூஞ்சியிலயும் எப்படிடா முழிப்பேன்?" என்றாய். பிறகு உன் வழக்கப்படி நீயே சிரித்துவிட்டாய். "ஒண்ணு கவனிச்சியா? வெள்ளிக்கிழமைன்னா இது சோர்றதே இல்ல. நான் ஒருசந்தி இருந்தா அதுவும் இருக்குது. வேதக்கார மெஷின் லா."

அப்போது கிறிஸ்தவர்களின் தவக்காலம். அதன் வெள்ளிகளில் நீ ஒருசந்தி என்று பகல் சாப்பாட்டை விட்டுவிடுவாய் என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வார்த்தை என்னை விடவில்லை. இயந்திரத்துக்கு ஏது வெள்ளிக்கிழமை?

சனிக்கிழமை காலையிலேயே வந்தேன். உன் சீட்டுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து, பெட்டியில் சேதி வந்து சேரும் இடத்தில் மீட்டரை மாட்டினேன். முள் துள்ளியது, விழுந்தது, மறுபடி துள்ளியது. காரணம் தெரியவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தது. நீ அலுத்துப்போய், என்ஜினை அணைக்காமலே கையை நீட்டி டிபன் கேரியரை எடுத்தாய். முள் மேலே ஏறி அசையாமல் நின்றது.

"திருப்பி மாட்டு," என்றேன்.

மாட்டினாய். முள் விழுந்தது.

சென்சார் ஒயர் மேலே ஏறிவரும் இடத்தில் அதைப் பிடித்திருந்த கிளிப்பில்தான் உன் கேரியர் இத்தனை நாளும் தொங்கியிருக்கிறது. சோறும் குழம்பும் நிறைந்திருந்தால் அந்தக் கனத்தில் ஒயர் இழுபட்டு, பெட்டியில் அதன் இணைப்பு நழுவும். சாப்பிட்டு முடித்துக் காலிக் கேரியரை மாட்டினால் கனமில்லை, சரியாகிவிடும். வெள்ளிக்கிழமை கேரியரே கிடையாது.

நீ கேரியரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாய். "அப்ப உன் தங்கச்சி சமையல்தான் குத்தமா?"

"அளவுதான் குத்தம். ஆறு பேரு சோறு," என்றேன். கிளிப் சரியில்லை என்று மட்டும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுகிறேன், அது பொய்யில்லை என்றும் சொன்னேன். உள்ளதைச் சொன்னால் ஆப்பரேட்டர் ப்ராப்ளம் என்றுதானே ஆகும்? நீ கேட்கவில்லை. கேரியரைத் தூக்கிக்கொண்டு நேரே அவரிடம் போனாய். நான் மீட்டரைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்தேன். நீ கையாலும் பாதி மலாயிலுமாக விளக்கினாய். அவர் முழுவதும் கேட்டார். கேரியரைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"நான் சொன்னேன்ல, ஆப்பரேட்டர் ப்ராப்ளம்," என்றார். பிறகு, "என்ன கறி?"

மீன்குழம்பில் பாதியை அவரே தின்று தீர்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "திங்கக்கிழமை நீயே உட்காரு லா. இத வேற எங்கயாச்சும் மாட்டு," என்றார். அன்றைக்கே சீட்டுக்கு மறுபக்கம் ஒரு கொக்கியைப் பற்ற வைத்தேன். பற்ற வைத்து முடிப்பதற்குள் ஒரு தடவை கேரியரைத் தள்ளிவிட்டேன். அந்த நசுங்கல் என் கைங்கரியம்.

ஓய்வு பெறும்வரை எந்த இயந்திரத்தில் ஏறினாலும், பெட்டியைத் திறக்குமுன், "சாப்பாட்ட எங்க மாட்டுவீங்க?" என்றுதான் கேட்டேன். பையன்கள் என்னைச் சாப்பாட்டுராமன் என்றே நினைத்தார்கள். போகட்டும். இன்னொன்றையும் உன்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன்: கேரியரைத் தூக்கிக்கொண்டு நீ நேரே நடந்துபோனாயே, அந்த நடை. எனக்கு அவ்வளவு சுலபமாக வருவதில்லை. ஆனாலும் பல தடவை நடந்திருக்கிறேன்.

சமையலறையில் ஆணி அடித்து உன் கேரியரை மாட்டியிருக்கிறேன். சுற்றிலும் ஒயர் எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன். நாளைக்குத் தேக்காவில் நல்ல மீனாக வாங்கி, என் வீட்டுக் குழம்பை நிரப்பித் தங்கச்சிக்குக் கொண்டுபோவேன். யாருடையது பெரியது என்று அவளே சொல்லட்டும். இன்று தவக்கால வெள்ளி. காலியாகவே தொங்கட்டும். எல்லாம் ஒழுங்காக ஓடும்.