கத்தரிக்கோலுக்குச் சிரித்தேன்

14 அக்டோபர் 1990, ஞாயிறு. சென்னை, லாட்ஜ்.

வடக்கனந்தலில் விடிய விடியக் கூத்துப் பார்க்கிற அப்பாவுக்கு ஒரு சபா நாடகம் காட்ட வேண்டும் என்று மகள் செல்விக்கு ஆசை. இன்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். போயிருக்கக் கூடாது.

மேடையில் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். கோமாளி கேட்டான், "ஆபரேஷன் பண்ணது கோட்டாவுல சீட் வாங்கின டாக்டரா? அப்ப கத்தரிக்கோல் உள்ளதான் இருக்கும்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சத்தமாகச் சிரித்தேன். கூத்தில் கட்டியக்காரன் வாயைத் திறந்தாலே சிரித்துப் பழகிய வாய். அவன் சொன்னது என்னவென்று சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. பக்கத்தில் செல்வி சிரிக்கவில்லை. ஒதுக்கீட்டில் சீட் வாங்கி டாக்டருக்குப் படித்தவள். இன்னும் ஒதுக்கீடு வேண்டும் என்று கள்ளக்குறிச்சி ரோட்டில் மறியலில் உட்கார்ந்தவன் நான்.

பஸ்ஸில், "அவன் சொன்னது சரியா காதுல வுழலம்மா" என்றேன். அது பொய்.

"வுடுப்பா. எல்லாருந்தான் சிரிச்சாங்க" என்றாள்.

அறைக்கு வந்ததும் என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கரும்புக் கட்டை குத்திய புண்ணுக்கு மருந்து வைத்துப் புதுக் கட்டுப் போட்டாள். துணி வெட்டிய கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தாள்.

"பாத்துக்கப்பா. வெளியதான் இருக்குது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.