இருபத்திமூன்றில் நின்ற எண்ணிக்கை

நோர்வூட்
11.08.2024

அன்பு மகள் சுலக்ஷனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தம்பி மதுரனும் சுகம், அப்பா போன மாதம் இருந்தபடியே இருக்கிறார், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே இருப்பார், அதனால்தான் கடிதம். கடைக்கார ராசிக் நானாவின் மகன் அஃப்ஹம் வியாழக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கராத்தே கிளப்புக்குப் போவதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் நிறுத்திவிட்டதாக மதுரன் சொன்னான். உன் பாடத்தால்தான் அப்பா விழுந்தார் என்று அழுதாயாம். நடந்ததில் பாதியைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். முழங்கால் வலிக்கு நீ வீடியோவில் காட்டியபடி அப்பா சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் இருப்பதுபோல அசையாமல் இருந்து பழகினார். வீட்டில் நாலு கதிரை இருக்க இதென்ன வேலை என்று நான் கேலி செய்வேன். மகள் கறுப்பு பெல்ட், அப்பன் படி ஏற முடியாமல் நின்றால் மானக்கேடு என்பார். முப்பது வரை தம் பிடிச்சு நில்லுங்கப்பா என்று நீ சொன்னாய். விடாமல் தாக்குப்பிடி என்றுதான் நீ சொன்னாய், அவர் மூச்சை அடக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். இது உனக்குத் தெரிந்தது. தெரியாதது, அன்று எண்ணியது நான். கணக்கு டீச்சர்தானே, நீங்களே எண்ணுங்க என்று அவர்தான் கேட்டார். ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டே எண்ணினேன். இருபத்திமூன்றில் ஒரு தாளின் கூட்டல் பிழையாக வந்தது, அதைச் சரிபார்க்க நிறுத்தினேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது முகம் சிவந்து, கன்னம் உப்பி, முப்பதுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன். அதற்குள் சுவரோடு சரிந்துவிட்டார்.

பிரஷர் முன்பே கூடித்தான் இருந்தது, குளிசையையும் ஒழுங்காகப் போடவில்லை, பக்கவாதத்துக்கு இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் அதில் ஆறுதல் தேடவில்லை. நாலு மாதமாகப் பழியை நீ சுமக்க விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதற்கு எந்த டாக்டரும் காரணம் சொல்ல மாட்டார்.

இப்போது ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பிள்ளை, இடது உள்ளங்கையைச் சுவரில் வைத்து, கை அசையாமல் ஐந்து எண்ணும்வரை அழுத்தச் சொல்கிறாள். நீ சொல்லிக்கொடுத்த அதே வகைதான். ஒரு வித்தியாசம், அப்பாவே வாய்விட்டு எண்ண வேண்டும், எண்ணுகிறவருக்கு மூச்சை அடக்க முடியாதாம். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் அவர் நாக்கு நின்றுவிடுகிறது. நான் எடுத்துக்கொடுக்கக் கூடாது. அவர் என்னைப் பார்க்கிறார். நான்கு வரும்வரை நிற்கிறேன்.

நீ திரும்பவும் கிளப்புக்குப் போ. இதைப் படித்துவிட்டு என்மேல் கோபம் வந்தால் எழுது, போனில் வேண்டாம். கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும். யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் வாய்விட்டு எண்ணச் சொல், மறக்காதே.

அன்புடன்
அம்மா
ஜீவராணி