ஐந்தாவது சிபாரிசு

இராயபுரம்,
4-8-1953

அன்புள்ள ஐரீன்,

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், எங்கள் ஆலோசனைக் குழுவின் அறிக்கையை எடுத்து ஐந்தாவது சிபாரிசை மறுபடி படித்தேன். நேற்றுத் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று ஒரு நப்பாசை.

துறைமுகத்தில் கரிக்கூடை சுமக்கும் நூற்றுப்பன்னிரண்டு பெண்களிடம் ஒரு வருஷம் அலைந்து நான் கேட்டு எழுதியது அப்படியே இருக்கிறது. கரு கலைந்தவர்கள், குறைமாதத்தில் பெற்றவர்கள், எல்லாம். அதற்குக் கீழே, ‘ஆகவே பெண்களை இவ்வேலையிலிருந்து நீக்கிவிடலாம்.’ நான் கேட்டது சின்னக் கூடையும் பேறுகால விடுப்பும். நீக்கச் சொல்லவே இல்லையே!

மூன்று ஆசிரியர்கள், நான்கு அதிகாரிகள். ஏழு பேரும் ஒருமனதாகக் கையெழுத்திட வேண்டுமாம். ஆறு ஆகிவிட்டது; பாக்கி நான்தான். குழுவை அமைத்த ஆபீசில்தானே நீ இருக்கிறாய்? ஏதாவது செய்யேன்.

கல்லூரி விட்டு வந்தால் இந்த மாடி அறையில் பேச ஆளில்லை. அதுதான் உன்னிடம் புலம்புகிறேன்.

உன்,
தேவகிருபை

டில்லி,
10-8-1953

என் கிருபை,

இருபது வருஷமாகியும் நீ மாறவில்லை. ஹாஸ்டல் குழம்பில் உப்பு அதிகம் என்று வார்டனுக்கு மனு எழுதினவள்தானே!

சிபாரிசெல்லாம் சட்டமாகிவிடாது, அசடே. பாதி அலமாரியில்தான் கிடக்கும். ஆனால் அறிக்கை ஒருமனதாக வந்தால் இங்கே நிரந்தரக் குழுவில் ஆராய்ச்சி அதிகாரி வேலை உனக்குத்தான். அதன் தலைவரே சொன்னார். என் வீட்டில் ஓர் அறை சும்மா இருக்கிறது; கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டேன். ஆளுக்கொரு ஊரில் தனியாகச் சாப்பிட்டு என்ன கண்டோம்? கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சேர்.

காத்திருக்கும்,
ஐரீன்

இராயபுரம்,
16-8-1953

அன்புள்ள ஐரீன்,

கட்டில் வாங்கியதாக எழுதினாயே, அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

கையெழுத்துப் போடத்தான் இருந்தேன். கன்னியம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உறுத்தாது என்று, நேற்று விடுமுறையாதலால் வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். என் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. மூன்று பிள்ளை வயிற்றிலேயே போனவள்.

கேட்டதும் சிரித்தாள். “இன்னாம்மா நீ, இட்பு நோவுதுன்னு உன்னாண்ட சொன்னா, சோறே வாணாம்னு எய்திக்கினு வந்துகீறே!”

பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் சிரிக்கவில்லை. “படிச்சவங்களாண்ட வாயத் தொறக்காதடின்னு அப்பவே சொன்னேன்” என்றாள்.

அதற்குப் பிறகும் கன்னியம்மா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். அதைக் குடிப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

வியாழக்கிழமை கூட்டம். நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. மறுப்பை எழுதிக் கொடுப்பேன். சேர்க்க மாட்டோம் என்றால் என் பட்டியல்களைத் திருப்பிக் கேட்பேன். டில்லி வேலை போய்விடும், தெரியும். யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தையும் வெள்ளிக்கிழமைதான் தபாலில் சேர்ப்பேன். முன்னால் போட்டால் நீ தந்தி அடிப்பாய். ‘வா’ என்று ஒரே வார்த்தை இருந்தாலும் போதும், நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

கிருபை