மோதிரத்தோடு வந்த சான்றிதழ்

என் செல்லத்துக்கு,

மாப்பிள்ளை வாங்கிய மோதிரத்தின் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பி, "தாளை எல்லாம் நம்பமாட்டேன்ப்பா. யார் ரத்தமும் படாத வைரம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போட்டுக்கறேன்" என்று கேட்டிருந்தாய். பத்து நாளாகப் பதில் இல்லாததற்கு, எனக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா சொல்லியிருப்பாள். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் அலுவலகத்தில் ஏழெட்டு நாட்டு வைரப் பொட்டலங்களை ஒன்றாகக் கொட்டி, சல்லடையில் அளவுவாரியாகச் சலிப்போம். அதன்பின் எந்தக் கல் எந்தச் சுரங்கத்தில் பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாத அந்த நிலை வந்த பிறகுதான், எல்லாம் நல்ல இடத்துக் கல் என்று ஒருவர் கையெழுத்துப் போடுவார்.

ஒரு நாட்டில் சுரங்கத் தொழிலாளர்களைச் சுட்டுவிட்டார்கள் என்று செய்தித்தாளில் படித்த வாரம், அந்த நாட்டுப் பொட்டலமும் வந்தது. "இதையும் கலக்கணுமா?" என்று கேட்டேன்.

"ஏன் சார், அந்த ஊர்ல பொண்ணு எடுக்கப் போறீங்களா?" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கலந்தோம்.

மாப்பிள்ளை வாங்கிய கடைக்குக் கல் கொடுப்பது நாங்கள்தான். சான்றிதழின் அடியில் இருக்கும் கிறுக்கலை நீ கவனிக்கவில்லை போலிருக்கிறது. உன் மதிப்பெண் அட்டைகளில் பன்னிரண்டு வருடம் நான் போட்டதும் அதே கிறுக்கல்தான். நீ கேட்ட வார்த்தையை உனக்கு முன்பே கடைக்குக் கொடுத்துவிட்டேன்.

மோதிரத்தை என்ன செய்வது என்று என்னைக் கேட்காதே. கல்யாணத்துக்கு நான் வரலாமா என்று மட்டும் அம்மாவிடம் சொல்லி அனுப்பு.

அப்பா